கூலி வேலையும் குடும்பமும்: ஒரு பெண்ணின் உடம்பு எவ்வளவு தாங்கும்?



இந்தப் பேச்சு கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். இது அச்சிட்ட தாளாக உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், படிக்கத் தெரிந்தவர் வாய்விட்டுப் படியுங்கள். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு காலத்தில் எங்கள் துறைக்குக் "குடும்பக் கட்டுப்பாடு" என்று பெயர். 1977-ல் அது "குடும்ப நலம்" என்று மாறியது. சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகமும் சுவர்தோறும் எழுதப்பட்ட காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வேலை பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. எட்டும் பத்தும் பெற்ற வீடுகளில் இன்று இரண்டு பிள்ளைகள்தாம். பிரசவத்தில் தாய் இறப்பதும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2001-03 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது.

பிள்ளைகள் குறைந்தார்கள்; பெண்ணின் வேலை குறைந்ததா? இதுதான் இன்றைக்கு நாம் பேச வேண்டிய கேள்வி.

ஒரு நாள் கணக்கு

நம் பகுதியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது சங்கராபுரம் பக்கமாகவும் இருக்கலாம், மலைமேலே வெள்ளிமலைப் பக்கமாகவும் இருக்கலாம். இருவரும் கூலிக்குப் போகிறவர்கள். கரும்பு வெட்டோ, நடவோ, களை எடுப்போ, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதோ, எதுவானாலும் காலை எட்டு மணி முதல் மூன்று மணி வரை இருவருக்கும் காட்டில் ஏழு மணி நேர வேலை. அதுவரை சமம்.

அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். அந்த அம்மா விடிகாலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்கிறார், தண்ணீர் பிடிக்கிறார், சோறாக்குகிறார், பிள்ளைகளைக் கிளப்பி அனுப்புகிறார். அது மூன்று மணி நேரம். சாயங்காலம் வரும்போதே தலையில் ஒரு விறகுக் கட்டு. வந்ததும் மாட்டுக்குத் தீனி, துவையல், மறுபடி அடுப்பு, ஏனம் கழுவல். அது ஐந்து மணி நேரம். ஆக மொத்தம் பதினைந்து மணி நேரம். கணவரோ ஏழு மணி நேரக் கூலி வேலை முடிந்து, மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் திண்ணைக்கோ டீக்கடைக்கோ வந்துவிடுகிறார். அவருக்கு எட்டு மணி நேரம்.

இது நான் கற்பனையாகப் போட்ட கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2024-ல் மத்திய அரசு நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிடம் அதிலேயே போகிறது. வீட்டு வேலையில் கை வைக்கும் ஆணுக்கு 88 நிமிடம். கை வைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

"எங்க அம்மா செய்யலையா? எங்க ஆயா செய்யலையா?" என்று கேட்பீர்கள். செய்தார்கள். நாற்பது வயதில் அவர்கள் இடுப்பு வளைந்து, பல் விழுந்து, மூச்சு வாங்கி உட்கார்ந்ததையும் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அது வயதினால் மட்டும் வந்ததல்ல.

சோகை: கண்ணுக்குத் தெரியாத கடன்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இருவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு வரிசையில் பத்துத் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தால், அதில் ஐந்து பேர் குறைந்த இரத்தத்தோடுதான் நாளைக்கும் வேலைக்குப் போகப்போகிறார்கள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவு 12-க்குக் குறையக்கூடாது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக்கூடாது. குறைந்தால் என்ன ஆகும்? மேடு ஏறினால் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் வெளுத்திருக்கும். "சோம்பேறி, எதுக்கெடுத்தாலும் படுத்துக்கிறா" என்று மாமியார் திட்டுவார். அது சோம்பல் அல்ல, நோய். கர்ப்ப காலத்தில் சோகை இருந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். பிரசவத்தில் சற்று அதிகமாக இரத்தம் போனாலும் தாய் தாங்க மாட்டார்.

இது ஏன் வருகிறது? மாதவிடாயில் இரத்தம் போகிறது. அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவதால் போகிறது. செருப்பில்லாமல் நடந்தால் கொக்கிப்புழு காலில் துளைத்து ஏறிக் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்ணின் சாப்பாடு குறைவு. எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறார். மிஞ்சாவிட்டால் நீராகாரம். மலையிலே மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றால் வயிறு நிறையும். ஆனால் அதில் மாவுச்சத்துதான் அதிகம், இரத்தம் ஊற வேண்டிய சத்து மிகக் குறைவு. கிழங்கைத் தின்னாதீர்கள் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு கை முருங்கைக்கீரை, பருப்பு, வேர்க்கடலை, ஒரு முட்டை அல்லது கொஞ்சம் கருவாடு சேர வேண்டும். நம் மலையில் விளையும் சாமையையும் தினையையும் கேழ்வரகையும் மூட்டையாக விற்றுவிட்டு வெறும் வெள்ளைச் சோறு சாப்பிட வேண்டாம். வீட்டுக்கென்று ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை துணை சுகாதார நிலையத்தில் இலவசம். வாங்கிக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கிறோம். ஏன்? "மலம் கருப்பா போகுது, வயிறு பிசையுது." கருப்பாகப் போவது மாத்திரையால்தான்; அதில் பயமில்லை. வயிறு பிசைந்தால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். டீ, காப்பியோடு மட்டும் போடக்கூடாது. டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்றாக ஏறும். கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து தினமும் போட்டு, பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் விடாமல் போட வேண்டும்.

கணவன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். சட்டியில் என்ன இருக்கிறது, அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது அப்போதுதான் உங்கள் கண்ணில் படும்.

வேலை செய்யும் இடத்தில்

கரும்புக் காட்டிலோ நடவு வயலிலோ ஒதுங்க இடமில்லை என்று பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரையும் அடக்கி வைக்கிறார்கள். விளைவு: நீர்க்கடுப்பு, எரிச்சல், காய்ச்சல். கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை போகும். நான்கைந்து பெண்களாகச் சேர்ந்து ஒரு மறைப்புக் கட்டிக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். மாதவிடாய்த் துணியை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். கூரை இடுக்கில் ஒளித்து ஈரமாக வைத்தால் கிருமி சேரும்.

பிரசவமான சில நாளிலேயே குடம் தூக்கி, விறகு சுமந்து, கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றினால் அடி இறக்கம் வரும். கர்ப்பப்பை கீழே இறங்கிவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பல பெண்கள் பத்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டு இருக்கிறார்கள். சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே காட்டினால் பயிற்சியாலேயே சரிசெய்யலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை உள்ள நாம் கரும்பு வெட்டுக் கூலியை நன்றாக அறிந்தவர்கள். மகாராஷ்டிரத்தில் பீட் என்று ஒரு மாவட்டம். அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்று கணக்கு. முன்பணம் வாங்கியாகிவிட்டது, ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதவிலக்கானால் வேலை கெடுகிறது, வெள்ளைப்படுதலும் வயிற்று வலியும் தொல்லை கொடுக்கிறது என்று சொல்லி, இளம்பெண்கள் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். 2019-ல் அந்த மாநில அரசு அமைத்த குழு ஏறக்குறைய 82,000 பெண்களை விசாரித்ததில், 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை என்று தெரிந்தது. முப்பது வயதில் அதை எடுத்துவிட்டு, சினைப்பையும் சேர்ந்து போனால் எலும்பு தேயும், உடம்பு வலி விடாது, முதுமை முன்னாலேயே வந்து நிற்கும்.

ஆகவே "எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்று யார் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். வெள்ளைப்படுதலுக்கும் அதிக உதிரப்போக்குக்கும் மாத்திரை மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே

பெண்ணுக்கு 18 வயது முடியாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். வளர்ந்து முடியாத உடம்பு இன்னோர் உடம்பை எப்படி வளர்க்கும்? கல்யாணமான பிறகும் முதல் குழந்தைக்கு அவசரம் வேண்டாம். முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் மூன்று வருஷ இடைவெளி வேண்டும். போன இரத்தம் ஊறுவதற்கும், வேலைக்குத் திரும்புவதற்கும், கைக்குழந்தை அங்கன்வாடிக்கு நடந்து போவதற்கும் அந்த மூன்று வருஷம் தேவை.

அதற்கு வழிகள் இருக்கின்றன. காப்பர்-டி வைத்தால் அதன் வகைக்கு ஏற்ப ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கவலையில்லை, வேண்டும்போது எடுத்துவிடலாம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம். ஆணுறை இருக்கிறது, அதில் பெண்ணின் உடம்புக்கு எந்தச் சிரமமும் இல்லை. எது உங்களுக்கு ஏற்றது என்று கிராம சுகாதார செவிலியரிடம், நீங்கள் நர்சம்மா என்று கூப்பிடுகிறவரிடம், இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

ஆபரேஷன் யாருக்கு?

இரண்டு குழந்தை போதும் என்று முடிவு செய்த பிறகு யார் ஆபரேஷன் செய்துகொள்வது? அதே 2019-21 ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 57-க்கு மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள்? நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, ஆயிரத்துக்கு ஒருவர்தான்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஆண்கள்தான் அதிகமாகச் செய்துகொண்டார்கள். 1971-ல் கேரளத்தில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் அறுபதாயிரம் ஆண்களுக்கு மேல் செய்துகொண்டார்கள். பிறகு 1976-77-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், நாட்டின் பல இடங்களில் ஆண்களைக் கட்டாயப்படுத்தினார்கள். அந்தப் பயமும் கோபமும் இன்னும் போகவில்லை. அது நியாயமான கோபம். ஆனால் அதன் பாரத்தை இன்றுவரை பெண்கள் சுமக்கிறார்கள்.

இப்போது கட்டாயம் இல்லை, கத்தியும் இல்லை. தழும்பில்லாக் கருத்தடை என்று சொல்லும் முறையை 1974-ல் சீன நாட்டு டாக்டர் ஒருவர் கண்டுபிடித்தார். மரத்துப்போக ஊசி போட்டு, ஊசித்துளை அளவு வழியில் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, தையல் இல்லை. அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனம் தூக்காமல் இருந்தால் போதும். பெண்ணுக்குச் செய்வதோ வயிற்றுக்குள் செய்யும் ஆபரேஷன். இரண்டு வாரமாவது பாரமான வேலை கூடாது.

"ஆம்பள பண்ணிக்கிட்டா உழைக்க முடியாதே, வீரியம் போயிடுமே" என்கிறார்கள். போகாது. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஆண்மைக்கான சுரப்பு இரத்தத்தில் கலப்பது; அதை யாரும் தொடுவதில்லை. பாரம் தூக்கலாம், ஏர் ஓட்டலாம், தாம்பத்தியத்துக்கும் குறைவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஆபரேஷன் ஆனவுடனே பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று மாதம் வேறு முறையைக் கடைப்பிடித்து, பிறகு பரிசோதனை செய்து, அணு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நிம்மதி. இதைத் தெரியாமல் விட்டுவிட்டு, பிறகு மனைவியைச் சந்தேகப்பட்டுக் குடும்பத்தைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது.

இரண்டு பிரசவ வலியையும் தாங்கியவர் அவர். மூன்றாவது வலியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஊர் சிரிக்குமா? முதலில் ஒருவர் சிரிப்பார். அடுத்த வருஷம் அவரே வந்து விவரம் கேட்பார்.

பிரசவமும் கூலியும்

கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கூலிக்காரப் பெண்ணுக்கு அப்படி யார் தருவது? அந்தக் கூலி இழப்பை ஓரளவு ஈடு செய்யத்தான் தமிழ்நாட்டில் 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் தொடங்கியது. அப்போது 300 ரூபாய். 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 என்று உயர்ந்தது. அது கடன் அடைப்பதற்கோ செல்போன் வாங்குவதற்கோ வந்த பணம் அல்ல. அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதற்கும் சத்தாகச் சாப்பிடுவதற்கும் வந்த பணம். குறைந்தது ஆறு வாரம் பாரமான வேலைக்கு அனுப்பாதீர்கள்.

கர்ப்பம் தெரிந்தவுடன் நர்சம்மாவிடம் பதிந்து பிக்மி எண் வாங்குங்கள். மலைக் கிராமத்தார் பிரசவ நாள் நெருங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மழை நாளில் பாதை கெட்டுவிட்டால் 108 வண்டியும் ஊருக்குள் வர முடியாது. முன்கூட்டியே வந்து தங்கும் காத்திருப்பு அறை மலைப்பகுதி நிலையங்களில் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. உங்களுக்கு அருகில் எங்கே என்று ஐந்தாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள்.

வெளியூர் வேலைக்குப் போகும் முன்

கல்வராயன் மலையிலிருந்து குடகுக்கும் கேரளத்துக்கும் காப்பி, மிளகு எடுக்கப் போகிறவர்கள் பலர். மேஸ்திரி முன்பணம் நீட்டும்போது மனைவிக்கு எத்தனையாவது மாதம் என்று எண்ணிப் பாருங்கள். ஏழு மாதம் ஆனவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அதற்குக் குறைவான மாதமாக இருந்து போகத்தான் வேண்டும் என்றால், தாய்-சேய் நல அட்டையையும் இரண்டு மாதத்து மாத்திரையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் வாரமே அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டுங்கள். எந்த மாநிலமானாலும் கர்ப்பிணிக்கு அரசு மருத்துவம் உண்டு. பாஷை தெரியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஊரில் விட்டுச் செல்லும் பெரிய பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தித் தம்பி தங்கையைப் பார்க்கச் சொல்லாதீர்கள். அப்படி நிறுத்திய படிப்புத்தான் சீக்கிரம் கல்யாணத்தில் போய் முடிகிறது.

கூலி யார் கையில்?

2024 ஜூன் மாதத்தை நம் மாவட்டம் மறக்க முடியாது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போனவர்கள் போய்விட்டார்கள், மறுநாளிலிருந்து அடுப்பு எரிய வேண்டுமென்றால் அந்த வீட்டுப் பெண்தான் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. விஷச் சாராயம் ஒரே நாளில் கொல்கிறது. தினக் குடி தினக் கூலியைக் கொல்கிறது. அதற்கு ஈடாக மனைவி இன்னொரு காட்டுக்கு வேலைக்குப் போகிறார். சம்பாதிக்கும் பெண்ணின் பணம் அவர் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும். வரவு செலவை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அடி உதை என்றால் 181-க்குப் போன் செய்யலாம். உடல்நல ஆலோசனைக்கு 104 இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. இருவரும் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் மனைவிக்கு இரத்த அளவு பாருங்கள். எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

2. தண்ணீர், விறகு, குழந்தையைக் குளிப்பாட்டுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கணவர் முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். "உதவி செய்கிறேன்" என்று அல்ல, "இது என் வேலை" என்று.

3. இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நேரத்தில்.

4. அடுத்த குழந்தை எப்போது, அல்லது போதுமா என்பதை இருவர் மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். மாமியார், நாத்தனார் யோசனை பிறகு கேட்கலாம்.

5. மூடி மறைக்கும் நோய் எதுவானாலும் நர்சம்மாவிடம் ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

மாடு ஒரு நாள் தீனி எடுக்காவிட்டால் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். மோட்டார் சத்தம் மாறினால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். வீட்டில் ஒருவர் "முடியல" என்று சொன்னால் மட்டும் "போயி ஒரு டீ குடி, சரியாயிடும்" என்கிறோம். இனி அப்படிச் சொல்லாதீர்கள். அவர் முடியவில்லை என்று சொல்லும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். கூலி ஒரு நாள் போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம்.